மென்பவளத் தொட்டிக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக் கடைகளிலிருந்து பவளத்தை வாங்கி வருகிறார்கள். வளர்க்கும் முறையை வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். அவற்றில் சொல்லப்படுவது தவறில்லை. எனினும் அவை காற்றில் ஈரம் குறைந்த, குளிரூட்டிய அறைகளில், எலும்புக்கூடு கட்டும் கல் பவளங்கள் நிறைந்த தொட்டிகளை வைத்திருப்பவர்களுக்காகச் சொல்லப்படுபவை. வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீரும், ஆண்டுக்கு இரண்டு பருவமழையும், சொல்லாமல் போகும் மின்சாரமும் உள்ள ஊரில் அதே அறிகுறிக்குப் பல வேளைகளில் வேறு காரணம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக 200 லிட்டர் தொட்டி ஒன்றைப் பராமரித்ததில் நான் கண்டறிந்தவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

சட்டம் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், குழல் பவளம் ஆகியவையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லை அலங்காரத்துக்கு எடுத்து வருவதும் அப்படியே. ஆகவே இங்கே பேசப்படுவது ஜோவா, மஷ்ரூம், லெதர், சீனியா என்ற பெயர்களில் தொட்டியிலேயே பெருக்கி விற்கப்படும் மென்பவளங்களைப் பற்றி மட்டுமே. யாராவது கல் பவளத்தை மறைவாக விற்க முன்வந்தால் வாங்காதீர்கள். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளிறிப்போன மன்னார் வளைகுடாத் திட்டுகளில் எஞ்சியிருப்பவை அங்கேயே இருக்க வேண்டியவை.

எந்த அறிகுறியானாலும் முதலில்: அளக்கும் கருவியைச் சோதியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் முதல் லெதர் பவளம் ஐந்து மாதம் சரியாக விரியவே இல்லை. ஒளியை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், அயோடின் ஊற்றினேன், கடைக்காரர் சொன்ன இரண்டு புட்டிகளை வாங்கினேன். கடைசியில் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வேறொருவரிடம் கடன் வாங்கி அளந்தபோதுதான் என் தொட்டியின் உப்பு 31இல் (ஆயிரத்தில் 31 பங்கு) நிற்பது தெரிந்தது. என் கருவி அத்தனை நாளும் 35 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

ஆர்.ஓ. நீரைத் துளிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டால் கருவி சரியாகிவிட்டது என்று எண்ணுவதுதான் இதில் நேரும் பிழை. கோடு பூஜ்யத்தில் சரியாக நின்றாலும் 35இல் விலகி நிற்கலாம். மேலும், மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் கடல்நீருக்காக அன்றிச் சோற்றுப்பின் கரைசலுக்காக அளவு குறிக்கப்பட்டவை என்பதால், அவற்றில் 35 என்று தெரியும்போது உண்மையான கடல்நீர் அளவு ஏறத்தாழ 33.5 ஆகத்தான் இருக்கும். இதைச் சரிபார்க்கும் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். ஈரமில்லாத தூளுப்பு 36.5 கிராமை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், 35 உப்புள்ள கடல்நீர் ஒளியை எந்த அளவுக்கு வளைக்குமோ அதே அளவுக்கு அந்தக் கரைசலும் வளைக்கும். அதில் ஒரு துளி விட்டுக் கோட்டை 35க்குத் திருகுங்கள். கல்லுப்பில் ஈரமும் மக்னீசியமும் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது. இந்தக் கரைசல் கருவிக்கு மட்டுமே, தொட்டியில் ஊற்றக்கூடாது.

அதன்பின் வெப்பமானியை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீரின் காரத்தன்மையைக் காட்டும் கே.எச். சோதனைத் திரவத்தின் காலாவதி நாளையும் பாருங்கள். நான் குறியாக வைத்திருக்கும் அளவுகள் இவை: வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்பு 35, கே.எச். 7.5 முதல் 9, கால்சியம் 400 முதல் 440, மக்னீசியம் 1250 முதல் 1350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 (கால்சியம் முதல் பாஸ்பேட் வரை லிட்டருக்கு மில்லிகிராம்). இவற்றுள் எந்த எண்ணையும் துல்லியமாகப் பிடிப்பதைவிட, பிடித்த எண் நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதைத்தான் மென்பவளம் கேட்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அந்த ஆட்டத்தால் வந்தவையே.

எல்லாப் பவளமும் ஒரே நாளில் சுருங்கிக் கிடக்கிறது

ஒரு பவளம் மட்டும் சுருங்கினால் காரணம் அந்தப் பவளத்தில் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து சுருங்கினால் காரணம் நீரில்தான். முதலில் உப்பை அளவிடுங்கள்.

உப்பு ஏறியிருந்தால், ஆவியாகும் நீருக்கு ஈடுசெய்வதில் தவறு நடந்திருக்கிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் 35 என்பது ஏறத்தாழ 37 ஆகிவிடும். குறைந்த நீரைக் கடல்நீரால் நிரப்புவது புதியவர்கள் செய்யும் பிழை. அங்கே நன்னீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு இறங்கியிருந்தால், தானியங்கி நீர் நிரப்பியின் மிதவையைப் பாருங்கள். நத்தை ஒன்று மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரே இரவில் ஒரு வாளி நன்னீரைத் தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் இறக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின் நிரப்பும் நீரை ஒரு நாளுக்குத் தேவையான அளவுக்குமேல் அந்தப் பாத்திரத்தில் வைப்பதில்லை. திருத்தும்போது நிதானம் தேவை. இறங்கிய உப்பை ஏற்றுவதானால் ஒரு நாளைக்கு 1க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கடலிலிருந்தே நீர் கொண்டுவந்து மாற்றுபவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள், கடற்கரை அத்தனை அருகில் இருப்பதால். அவர்கள் பருவத்தைக் கவனிக்க வேண்டும். குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை தொடங்கியபின் அந்த முகத்துவாரத்தின் அருகே எடுக்கும் நீர் கடல்நீர்போலக் கரித்தாலும் உப்பு மிகக் குறைவாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின்னும் நிம்மதியில்லை. வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு தென்கிழக்கு அரபிக்கடலுக்குள் வரும் காலம் அது. ஆற்றுவாயிலிருந்து விலகிய பாறைக் கரையில், அலை தெளிந்த நாளில் எடுத்து, அங்கேயே அளந்து பார்ப்பது நல்லது. நீர் பச்சையாகவோ செம்மையாகவோ நிறம் மாறியிருந்தால் நுண்பாசி பெருகியிருக்கிறது என்று பொருள். அன்று வெறும் கேனுடன் திரும்பிவிடுங்கள். தேங்காய் மட்டை ஊறப்போடும் காயல் ஓரத்து நீரையும் தொடக்கூடாது, அழுகும் மட்டையிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு அதில் கலக்கிறது. கொண்டுவந்த நீரை வடிகட்டி, இருளில் மூடி வைத்துக் காற்றுக் குமிழி விட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் நான் பயன்படுத்துகிறேன். மழை மாதங்களில் செயற்கைக் கடலுப்புக்கு மாறிவிடுகிறேன்.

உப்பு சரியாக இருந்தால் கே.எச். பாருங்கள். ஒரே நாளில் 1க்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் அதுவே காரணமாக இருக்கப் போதும். குறைவாக இருந்தால் சமையல் சோடாவே போதுமானது: 100 லிட்டருக்கு 3 கிராம் சோடா கே.எச். அளவை 1 உயர்த்தும். தூய சோடியம் பைகார்பனேட்டாக இருக்க வேண்டும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். நன்னீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள்.

நிறம் வெளுத்து வருகிறது

பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு உணவையும் நிறத்தின் பெரும்பகுதியையும் தருகிறது. வெப்பமோ ஒளியோ மிகும்போது பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்த பவளம் செத்ததாகாது. பசியோடு இருக்கிறது, அவ்வளவே. தசை உறுதியாக இருக்கும்வரை எடுத்து எறிய வேண்டாம்.

வெப்பமா, ஒளியா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. விளக்கைப் பார்த்த மேல்பக்கம் மட்டும் வெளுத்து, பாறை நிழலில் உள்ள அடிப்பக்கம் நிறத்தோடு இருந்தால் ஒளி மிகுந்திருக்கிறது. மேலிருப்பதும் கீழிருப்பதும், நிழலில் உள்ளதும்கூட ஒருசேர வெளிறினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

ஒளியானால் விளக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நிறம் திரும்பத் தொடங்கியபின் வாரத்துக்குச் சிறிதாக ஏற்றுங்கள். கல் பவளத் தொட்டிக்கு ஏற்ற எல்.இ.டி. விளக்கை மென்பவளத்தின்மேல் முழு அளவில் எரிப்பவர்கள் ஏராளம். மஷ்ரூம் தன் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு குறுகினால் அது ஒளி மிகுதி என்கிறது. ஜோவாவின் தண்டு நீண்டு வளர்ந்து தலையைத் தூக்கினால் ஒளி போதவில்லை என்கிறது. அந்த இரண்டையும் பார்த்து விளக்கை வைப்பது எந்த அட்டவணையையும்விட நம்பத்தக்கது.

வெப்பமானால், எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டியின் மேல் விசிறி வைத்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம் 100 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ 6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது என்பது உண்மைதான். ஆனால் நீர் ஆவியாகக் காற்றில் இடம் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உலர்ந்த காற்று வீசும்போது பாலக்காட்டு எல்லையை ஒட்டிய கோபாலபுரத்துப் பக்கம் அற்புதமாக வேலை செய்யும் அதே விசிறி, ஆனி மாதத்து மார்த்தாண்டத்தில், துணி இரண்டு நாளானாலும் காயாத ஈரத்தில், ஒரு டிகிரி இறக்கவே திணறும். இதை அறியாமல் இரண்டாவது விசிறி, மூன்றாவது விசிறி என்று வாங்குவது வீண் செலவு. பங்குனி, சித்திரை வெயிலில் விசிறி ஓரளவுக்கு உதவும். புழுக்கமான நாட்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வேண்டும், அல்லது தொட்டி இருக்கும் சிறிய அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும். சில்லரைத் தொட்டியின் கீழ் அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அது வெளியேற்றும் சூட்டை அதுவே மறுபடி இழுத்து, ஓய்வின்றி ஓடிப் பழுதாகும். இரண்டுக்கும் வசதியில்லாதபோது, விளக்கை மாலை 5 மணிக்குமேல் எரியும்படி மாற்றினால், வெயிலின் சூடும் விளக்கின் சூடும் ஒரே நேரத்தில் சேராது. செலவில்லாத இந்த மாற்றம் என் தொட்டிக்கு நிறையவே உதவியது.

லெதர் மட்டும் வாடிப் பளபளக்கிறது

கவலைப்பட வேண்டாம். லெதர் பவளம் அவ்வப்போது மெழுகுபோன்ற ஒரு தோலை உரிக்கும். ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம், மொட்டுகளை உள்ளிழுத்துக்கொண்டு செத்ததுபோல நிற்கும். தோல் கழன்று போக நீரோட்டத்தைச் சற்றுத் திருப்பிவிட்டால் போதும், கையால் உரிக்கக்கூடாது. உரிந்தபின் முன்னைவிடப் பெரிதாக விரியும்.

ஆனால் லெதருக்கு அருகில் உள்ள பிற பவளங்கள் நாளடைவில் குறுகிக்கொண்டே வந்தால், லெதர் நீரில் கலக்கும் வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம். இடத்துக்குப் போட்டியிடும் பிற உயிர்களை ஒடுக்க அது பயன்படுத்தும் ஆயுதம் அது. நல்ல தரமான கரித்தூளை (ஆக்டிவேட்டட் கார்பன்) பையில் கட்டிச் சம்ப்பில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஜோவா ஒரு பகுதியில் மட்டும் மூடியே இருக்கிறது

பூச்சியைத் தேடுங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துக் கைவிளக்கால் பாருங்கள். ஜோவாவைத் தின்னும் ஓடில்லாத நத்தை, தான் தின்னும் ஜோவாவின் நிறத்தையே தன் உடலில் ஏற்றிக்கொள்வதால் பகலில் கண்ணில் படாது. சக்கரம்போன்ற வட்ட ஓடுடைய சிறு நத்தை ஒன்றும் இதே வேலையைச் செய்யும். அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் முக்கி எடுத்தால் பூச்சி உதிரும், முட்டைகள் தப்பும். ஆகவே ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஜோவா வகையைச் சேர்ந்த சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா எனப்படும் தடித்த வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பூச்சியோ பாசியோ பிடித்த கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணி அதைக் கொதிநீரில் போட்டவர்களும், சூடான நீரைப் பீய்ச்சித் தேய்த்தவர்களும், அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஜோவா ஒட்டிய கல்லை ஒருபோதும் வேகவைக்காதீர்கள், வெயிலில் காயவைத்துச் சுரண்டாதீர்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். நஞ்சு பீறிட்டுக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேலைக்குப்பின் வாயில் உலோகக் கசப்பு, உதட்டு மரமரப்பு, மூச்சுத் திணறல், காய்ச்சல் என்று ஏதாவது தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சென்று, தொட்ட உயிரின் பெயரையும் நஞ்சின் பெயரையும் சொல்லுங்கள்.

பழுப்பு நிறத்தில் நூல் நூலாய்ப் படிகிறது, நூல் நுனியில் குமிழி நிற்கிறது

புதுத் தொட்டியில் மணலின்மேல் படியும் பழுப்புத் தூசு வேறு, இது வேறு. தூசாகப் படிவது டயாட்டம். அது நீரில் உள்ள சிலிக்காவால் வருவது, நத்தைகள் தின்று முடித்துவிடும். மூக்குச்சளி போல இழுபடும் நூல், அதில் குமிழி, காலையில் குறைந்து மாலையில் கூடுதல், அதோடு நத்தைகளும் சாகின்றன என்றால் அது டைனோ எனப்படும் டைனோஃப்ளாஜெல்லேட்.

ஐயமிருந்தால் சிறிது எடுத்து நீரோடு ஒரு புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி, மெல்லிய தாளில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கின் கீழ் வையுங்கள். தெளிந்த நீரில் மறுபடி நூலாகக் கூடினால் டைனோ.

இதற்கு வைத்தியம் பலரும் எண்ணுவதற்கு நேர்மாறானது. நீரை மேலும் சுத்தமாக்க முயன்று, பாஸ்பேட் உறிஞ்சியைக் கூட்டி, மீன் உணவைக் குறைத்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கியதால்தான் பெரும்பாலும் டைனோ வந்திருக்கும். போட்டிக்கு வேறு பாசி இல்லாத வெற்றிடத்தில் அது பெருகுகிறது. உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், உணவைக் கூட்டுங்கள், நைட்ரேட்டை 5க்கும் பாஸ்பேட்டை 0.1க்கும் அருகே கொண்டுவந்து நிறுத்துங்கள். இரவில் நூல் கரைந்து நீரில் மிதக்கும் வகையானால் புற ஊதாக் கருவி நன்றாக உதவும். இரவிலும் மணலிலேயே தங்கும் வகைக்கு அது உதவாது. பல வாரம் ஆகும். நடுவில் நீரை மாற்றினால் பல வேளைகளில் டைனோ மேலும் பெருகுகிறது என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பச்சை முடிப்பாசி ஓயாமல் வளர்கிறது, நீரோ சுத்தமாகவே தெரிகிறது

எங்கள் கிணறுகளில் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ளவற்றின் அளவு, 60, 70 என்றுதான் காட்டும். அதைப் பார்த்து, இவ்வளவு நல்ல நீருக்கு ஆர்.ஓ. எதற்கு என்று கேட்கிறார்கள். டி.டி.எஸ். கருவி மின்னூட்டமுள்ள அயனிகளைத்தான் எண்ணும். கரைந்த சிலிக்காவின் பெரும்பகுதி அதன் கண்ணில் படாது. படுகின்ற 60இல் எவ்வளவு நைட்ரேட், எவ்வளவு இரும்பு என்றும் அது சொல்லாது. ஆவியான நீருக்கு ஈடாக நாள்தோறும் ஊற்றும்போது அவை மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆர்.ஓ.வுக்குப் பின், எஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் ரெசின் குழாயும் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

ரெசின் இரண்டு மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது என்ற குறையை இங்கே அடிக்கடி கேட்கிறேன். வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். 6க்குக் கீழே இறங்குவதும் உண்டு. அதில் கரைந்துள்ள கரியமில வாயுவை ஆர்.ஓ. சவ்வு தடுப்பதில்லை. அது நேராக ரெசினுக்குப் போய் அதைத் தின்று தீர்க்கிறது. கிணற்று நீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஓர் இரவு முழுதும் காற்றுக் குமிழி விட்டு, வாயு வெளியேறியபின் ஆர்.ஓ.வுக்கு அனுப்பினால் ரெசின் பன்மடங்கு நாள் உழைக்கும். மற்றபடி முடிப்பாசியைக் கையால் பிடுங்குவதும் நத்தைகளைச் சேர்ப்பதும் எல்லாரும் அறிந்ததே.

பம்ப்பில் வெள்ளைப் படிவு, தொட்டியில் பனிபோல் தூள்

நீங்கள் கால்சியம் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள், தேவையில்லாமல். எலும்புக்கூடு கட்டும் கல் பவளம்தான் கால்சியத்தையும் கே.எச். அளவையும் பெருமளவில் இழுக்கும். மென்பவளத் தொட்டியில் அவற்றைச் செலவழிப்பவை ஊதாநிறக் கோரலைன் பாசியும் சில நத்தைகளும் மட்டுமே. அவற்றுக்கு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே பெரும்பாலும் போதும். புட்டியில் எழுதியுள்ள அளவு வேறொருவரின் தொட்டிக்கானது. கால்சியமும் கே.எச்.சும் இருபுறமும் மிகுந்து மக்னீசியம் குறைந்தால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகிச் சூடான பம்ப்பின் உள்ளே படிகின்றன. எதையும் ஊற்றுவதை நிறுத்தி, ஒரு வாரம் நாள்தோறும் கே.எச். அளந்து, எவ்வளவு குறைகிறது என்று கண்டபின் அந்த அளவுக்கு மட்டும் ஈடுசெய்யுங்கள். கே.எச். 2.8 குறையும்போது கால்சியம் 20தான் குறையும் என்பதால், கால்சியச் சோதனையைவிடக் கே.எச். சோதனையே விரைவில் உண்மையைக் காட்டும். படிவு பிடித்த பம்ப்பை நீர் கலந்த வினிகரில் அரைநாள் ஊறவைத்தால் சுத்தமாகும்.

வெற்றிலைக்கு விற்கும் சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று இருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் உலகெங்கும் பயன்படுவதுதான். ஆயினும் அதன் பி.எச். 12க்கு மேல், மேலும் கடைச் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் அறியோம். மென்பவளத் தொட்டிக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன

சூடான உப்புநீரில் உயிர்வளி குறைவாகவே தங்கும். 30 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராமுக்குமேல் கரையாது. இரவில் பாசியும் மூச்சுவிடுவதால் விடியும் முன்தான் அளவு மிகவும் தாழும். நீர்ப்பரப்பு கலங்கும்படி, நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரை மேல்நோக்கித் திருப்புங்கள், காற்றுக் குமிழியால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரம் போன இரவுக்குப்பின் இது நேர்ந்தால் இன்வெர்ட்டரைச் சோதியுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் பம்ப் இரைந்து சூடாகும், சில தொடங்கவே தொடங்கா. சைன் அலை வகைதான் தொட்டிக்கு ஏற்றது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை எப்போதும் மின்னேற்றம் செய்து வைத்திருங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், உள்ளே கெட்டுப்போன நீரை வெளியே கொட்டிக் கழுவியபின்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

மீன் நலம், பவளம் நலம், இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றன

கொசுவை நினையுங்கள். மின்கொசுவிரட்டித் திரவத்தில் உள்ள ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் பூச்சியினத்தைக் கொல்லவே செய்யப்பட்டவை. இறாலும் அந்த இனத்துக்கு நெருங்கிய உறவுதான். ஸ்கிம்மர் அறைக் காற்றை இடைவிடாமல் நீருக்குள் இழுப்பதால், அறையில் கலந்தது தொட்டிக்குள் கலந்துவிடும். அந்த அறையில் வலையைக் கட்டிக்கொள்வதே வழி. ரப்பர் தோட்டத்து வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் வாடை வரும் இடத்தில் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வைக்கக் கூடாது, அம்மோனியா நீரில் எளிதில் கரையும். குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விடுங்கள். அடைத்த அறையின் கரியமில வாயுவால் பி.எச். தாழ்ந்திருந்தால் அதுவும் இதனாலேயே ஏறிவிடும்.

அடுத்தது உலோகம். பித்தளை வால்வு, துருப்பிடித்த கிளிப், நீரில் விழுந்த காந்தம் எதுவானாலும் எடுத்துவிடுங்கள். மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு முன்பு செம்பு மருந்து போட்ட தொட்டியையோ கல்லையோ பவளத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல் அழகாக இருக்கிறது என்று தொட்டியில் பரப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். இல்மனைட், கார்னெட், மோனசைட் ஆகியவை கலந்த மணல் அது. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. அந்த மணல் தொட்டிக்கும் ஆகாது, வரவேற்பறைக்கும் ஆகாது. அரகோனைட் மணல் கிடைக்காவிட்டால் அடித்தளத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், புதிதாக வாங்கிய இறாலை எவ்வளவு நேரம் பழக்கினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைத் தொட்டியின் உப்பு 30ஆகவும் உங்களுடையது 35ஆகவும் இருந்தால், உங்கள் தொட்டி நீரைத் துளித்துளியாகச் சேர்த்துப் பழக்க இரண்டு மணி நேரமாவது தேவை. பையில் வந்த நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறாலை மட்டும் எடுத்து விடுங்கள்.